மனம் வராத சனிக்கிழமைக்கு ஓர் ஐரிஷ் சொல்

மகனே,

உன் திருமணத்திற்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன. வாழ்த்து மடல் என்று எண்ணி இதைத் திறந்திருந்தால் ஏமாந்தாய். இது ஒரு திருத்தம். உன் தாய் முப்பத்தோரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொன்னதைத் தவறாகப் பெயர்த்துவிட்டோம் என்று பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தாலும், எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி திருத்திச் சொல்லவேண்டும். நீதிபதியிடம் தனியாகப் போய்க் கிசுகிசுத்தால் அது திருத்தம் ஆகாது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பொய்யை நம் உறவினர் அத்தனை பேருக்கும் சொன்னேன். ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல், அவர்கள் எல்லோரும் வாங்கிப் படிக்கும் நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்கும் அனுப்புகிறேன். இதழாசிரியர் மறைக்கல்வி வகுப்பில் என் பழைய மாணவர். ஒரு வரியையும் வெட்ட அவருக்குத் துணிவு வராது.

நீ மணக்கப்போகிற மேவ் உனக்கு முன்பாகவே வந்து சேர்ந்ததை நீ அவளுடைய அன்பு என்று நினைத்தாய். எனக்கு அது மேற்பார்வை என்று பட்டது. அயர்லாந்தில் பள்ளி ஆசிரியைகளுக்கு விடுமுறை நீளம் போலும். உனக்கோ அங்கே மருத்துவமனையில் விடுப்பு குறைவு. இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரயில் சத்தத்துக்கும் வெயிலுக்கும் நடுவில், உன் அப்பாவின் பழைய நாற்காலியில் அமர்ந்து, இந்தப் பெண் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த முதல் விஷயம் நம் கூடத்து மேசைமேல் இருந்த தட்டு. வெற்றிலை வாடிப்போய் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. பாக்கு, கற்கண்டு, வாழைப்பழம், நடுவில் உன் திருமணப் பத்திரிகை. அதன் உறைமேல் உன் மாமாவின் பெயரை நான்தான் எழுதினேன். எழுதிய கை அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஊரான தெலுக் பங்லிமா காராங்குக்குப் போக மறுத்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. மணமகனுக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வராமல் நம் குடும்பத்துக் கல்யாணம் எதுவும் கோயில் படி ஏறியதில்லை. அந்தத் தாய்மாமனை நேரில் போய், பத்திரிகையைத் தட்டோடு கையில் கொடுத்துத்தான் அழைக்கவேண்டும். தபாலில் போனால் அது தகவல். தொலைபேசியில் போனால் வதந்தி. நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பது நம்மவர் சட்டம். எனக்கு ஒரே தம்பி. அவனை விட்டால் உனக்கு வேறு தாய்மாமன் கிடையாது. கோயிலில் உன் பெயரையும் மேவ் பெயரையும் சொல்லி இரண்டாம் திருமண ஓலையும் வாசித்து முடித்துவிட்டார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குத்தந்தை சொன்னபோது, நான் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியில் நீ என்ன சொன்னாய் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். "கூப்பிடணும்னா கூப்பிடுங்கம்மா. முறைக்குத்தானே? வராட்டி போவட்டும் லா." அந்த ‘போவட்டும்’ என்ற சொல்லில் இருந்த குளிர் நான் வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று காலை, மூன்றாவது முறையாகப் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். மேவ் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். பழக்கதோஷம், தமிழில் தருகிறேன்.

"ஆன்டி, இன்றைக்கு மழை இல்லை."

"முட்டி வலிக்கிறது."

"நேற்று மாடிப்படி நான்கு முறை ஏறினீர்கள். நான்காவது முறை என்னைத் திட்டுவதற்காக."

"கிள்ளான் சாலையில் கண்டெய்னர் லோரிகள் அதிகம்."

"அவை உங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லையே."

"நீ ஆசிரியையா, அரசு வழக்குரைஞரா?"

அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். மேற்குக் கடலோரத்தில் ஆடு வளர்க்கிறவராம். வருடத்தில் சில நாட்கள், புல் அறுக்கவேண்டிய நேரத்தில், வானம் தெளிவாக இருக்கும்போதே, அவர் அடுப்போரத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுவாராம். நோய் இல்லை, கோபம் இல்லை, சோம்பலும் இல்லை. அண்டை வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டால், அவர்கள் மொழியில் ஒரு சொல்லைச் சொல்வாராம். வயதானவர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிற சொல். இளையவர்கள் அகராதியில் பார்க்கவேண்டும். அதை அவள் உச்சரித்தபோது நான் காய்கறிக் கூடையைக் கீழே வைத்தேன். தொஃமா. நடுவில் வந்தது நம் ஆய்த எழுத்து, சந்தேகமே இல்லை. அஃது, எஃகு என்று பள்ளிப் புத்தகத்தில் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று புள்ளிக்கு, உலகத்தின் மறுகோடியில் ஒரு முழுநேர உத்தியோகம் இருப்பதை எழுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

பொருள் கேட்டேன். இல்லாமை என்றாள். பிறகு, இருண்ட மனம் என்றாள். பிறகு, ஒன்றைச் செய்ய மனம் இல்லாமல் இருப்பது என்றாள். மூன்றும் ஒரே சொல்லா என்றேன். மூன்றும் ஒரே ஆள்தானே, ஆன்டி, வெவ்வேறு நேரத்தில் பார்க்கிறோம் என்றாள். நான் படித்த பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர்கள் பலர் இருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லின் பொருளை இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை.

என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. வாக்கியத்தில் எப்படி வரும் என்றேன். நான் தொஃமாவாக இருக்கிறேன் என்று அவர்கள் சொல்வதில்லையாம். தா தொஃமா ஒரம்: தொஃமா என் மேல் இருக்கிறது. ‘என் மேல்’ என்ற இரண்டும் அங்கே ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பசியும் அப்படித்தான் மேலே இருக்குமாம், துக்கமும் வெட்கமும் அப்படித்தானாம். பனி புல்மேல் கிடப்பதுபோல இவை ஆள்மேல் கிடக்கும். அதோடு முடியவில்லை. நம் மொழியில் வேற்றுமை வந்தால் சொல்லின் வால் மாறும். அவர்கள் மொழியில் தலை மாறும். என்னுடைய தொஃமா என்றால் முதல் எழுத்து தொண்டைக்குள் இறங்கிக் கரகரத்துக் ‘கொஃமா’ போல ஒலிக்கும். எங்களுடையது என்றால் மூக்கில் ஏறி ‘நொஃமா’. அவளுடையது என்றால் மட்டும் மாறாமல் நிற்கும். யாருடைய மனவிருள் என்பதைப் பொறுத்து அதற்கு முகமே மாறிவிடுகிறது! நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மலைமேல் நின்று கடலை முதன்முதலாகப் பார்த்தவர்கள் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருப்பார்கள்.

ஏன் அவ்வளவு வியப்பு என்றால், சாட்சிக் கூண்டில் நின்ற எத்தனையோ பேர் என்னிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் அன்றைக்கே புகார் கொடுக்கவில்லை என்று கேட்டால், "மனசு வரலம்மா" என்பார்கள். நான் அதை ஆங்கிலத்தில் ‘விரும்பவில்லை’ என்று பெயர்த்தேன். முப்பத்தோரு ஆண்டுகள். அவர்கள் விரும்பவில்லை என்று சொல்லவே இல்லை. மனம் வரவில்லை என்றார்கள். நாம் வராமல்போன ஒன்றைக் குறை சொல்கிறோம். அந்தத் தீவுக்காரர்கள் வந்து அமர்ந்துவிட்ட ஒன்றைக் குறை சொல்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

உடனே என் சந்தேகமும் எழுந்தது. இது வசதியான இலக்கணம் அல்லவா என்று மேவிடம் கேட்டேன். எல்லாம் மேலே வந்து உட்கார்ந்ததென்றால், உங்கள் ஊரில் குற்றவாளியே கிடையாதா?  "மேலே வந்தது உங்கள் குற்றமில்லை, ஆன்டி. அதை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்தீர்கள் என்பது வேறு வாக்கியம்" என்றாள். பிறகு, ஒருவர் முகம் வாடியிருந்தால் அவர்கள் ஊரில் கேட்கிற கேள்வியைச் சொன்னாள். கேர்ட் அதா ஒர்ட்? உன் மேல் என்ன இருக்கிறது? அதை அவள் எனக்குக் கற்றுக்கொடுப்பதாக நினைத்தேன். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். என் மருமகளாக வரப்போகிறவளிடம், தாயும் கணவனும் மகனும் அறியாத ஒன்றை, பயற்றங்காய் நாரைக் கிள்ளிக்கொண்டே சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

உன் மாமா மகளின் கல்யாணப் பத்திரிகை உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினாறு வயது. நீ டியூஷன் முடிந்து வந்தபோது அது நம் கேட்டின் கம்பியில் செருகியிருந்தது, மழையில் பாதி நனைந்து. "மாமா வந்தாராம்மா?" என்று கேட்டாய். "வந்தானாம், போனானாம். விளம்பரத்தாள் மாதிரி கேட்டுல செருகிட்டுப் போயிட்டான். அக்கான்னு ஒரு மரியாதை வேணாம்?" என்றேன். உன் அப்பா ஒரு போன் போட்டுக் கேளேன் என்றார். நான் மறுத்தேன். கையில் கொடுக்காத பத்திரிகைக்கு நான் போகமாட்டேன் என்று சொல்லி, பெரியப்பா மக்கள், சித்தப்பா வீடு, கிள்ளானில் இருந்த ஒன்றுவிட்ட தங்கை என்று அத்தனை பேருக்கும் இதையே சொன்னேன். அத்தையான நான் இல்லாமலே அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது.

நடந்தது இது. அது ஒரு சனிக்கிழமை பிற்பகல். நான் கூடத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தேன். கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உன் மாமாவும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். உன் அத்தை கேட்டை ஆட்டி "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டாள். நான் எழவில்லை. ஒரு காரணம் சொல்ல இத்தனை ஆண்டுகளாகத் தேடிவிட்டேன். முந்தின நாள் மன்றத்தில் கேட்ட ஏதோ ஒரு சாட்சியம் மனத்தை அழுத்தியது என்று சொன்னால் எடுபடும்; உண்மை அதுவல்ல. அன்று எனக்கு ஒன்றும் நேரவில்லை. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னேன், கால் எழவில்லை. சிரிக்கவேண்டும், காப்பி போடவேண்டும், எத்தனை பவுன், எந்த மண்டபம் என்று கேட்கவேண்டும் என்ற நினைப்பே ஈரச்சாக்கு மாதிரி மேலே விழுந்து கிடந்தது. ஐந்து நிமிடம் கூப்பிட்டார்கள். பிறகு காகிதம் கம்பியில் உரசியது. கார் போயிற்று. அதுவரைக்கும் நடந்தது மேவ் சொன்ன அந்தச் சொல். அதன்பின் நடந்தது நான்.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத பகுதி பொய்கூட அல்ல. உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் உன் மாமா. ஜெஞ்சாரோம் செம்பனைக் காட்டுப் பாதையில், உன் அப்பாவுக்குத் தெரியாமல், பதினைந்து வயதில். நீ காரை வாய்க்காலில் இறக்கியபோது தானே இறக்கியதாகச் சொல்லித் திட்டு வாங்கியவன். அந்த மாமாவை, தாய்க்கு மரியாதை செய்யாதவன் என்று நீ வெறுத்தாய். அத்தை இறந்தபோது நாம் போனோம். சாவுக்கு அழைப்பு தேவையில்லையே. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று அவன் உன்னிடம் கையை நீட்டினான். நீ அந்தக் கையைப் பார்க்காததுபோல் மெழுகுவர்த்தியைப் பார்த்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் அப்பா இறந்தபோது அவனும் வந்தான், பின்வரிசையில் நின்றான், மண்ணைப் போட்டுவிட்டுப் போனான். நானும் என் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது சாவுகளில் மட்டுமே.

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் மேவ் கையைக் கழுவினாள். வாடிய வெற்றிலையை எடுத்தெறிந்துவிட்டு, தெருமுனைக் கடையில் புது வெற்றிலை வாங்கி வந்தாள். "போயிட்டு வரோம்" என்று காலி வீட்டைப் பார்த்துத் தமிழில் சொல்லிக் கதவைச் சாத்தினாள். நம் ஊரில் போறேன் என்று சொல்லக்கூடாது என்று யார் அவளுக்குச் சொன்னது? நீயாகத்தான் இருக்கவேண்டும். உன்னைப் பற்றி எனக்கிருந்த சில ஐயங்கள் அப்போது நீங்கின.

வாடகைக் காரில் போனோம். மடியில் தட்டு. தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற அந்த வரிசை வீடுகளில் அவன் வீட்டை நான் மறந்திருப்பேன் என்று நம்பினேன், மறக்கவில்லை. கேட் பூட்டியிருந்தது. கார் உள்ளே இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், குரல் வரவில்லை. சன்னல் வழியாகக் கூடத்து மின்விசிறி சுழல்வது தெரிந்தது. மகனே, மூடிய வீட்டுக்குள் சுழல்கிற விசிறி வெளியே நிற்கிறவன் கண்ணுக்கு எப்படிப் படும் என்பதைப் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் எண்ணிப் பார்த்ததில்லை.  மேவ் கேட்டைப் பிடித்து ஆட்டினாள். "மாமா! மாமா!" என்று அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

பனியனோடு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேட்டைத் திறக்காமலே கேட்டான்:

"யாருக்கா செத்துட்டா?"

"யாரும் சாகலடா. கல்யாணம்."

"அப்ப வழி தவறிட்டியா?"

"தொறடா. கை வலிக்குது."

திறந்தான். தட்டை அவன் கையில் கொடுத்தேன். உட்காருவதற்கு முன்பே, நின்றுகொண்டே, மன்றத்தில் திருத்தம் சொல்கிற குரலில், அன்றைக்கு நான் வீட்டுக்குள்தான் இருந்தேன் என்றேன். அவன் தட்டிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"காத்தாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆளில்லாத வீட்ல காத்தாடி ஓட விடுவியா நீ? நம்ம அப்பா பெத்த புள்ளல்ல?"

"தெரிஞ்சுமா இத்தன வருசம் பேச்சு வாங்குன? யார்கிட்டயாவது சொல்லவேண்டியதுதானேடா!"

"என்னன்னு சொல்றது? எங்கக்கா உள்ள இருந்துக்கிட்டே கதவு தொறக்கலன்னா? தம்பி மரியாத தெரியாதவன், செருகிட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டுப் போவட்டும். அது சின்ன அவமானம் லா. அத நான் வச்சிக்கிட்டேன்." சுவரில் மாலையிட்டிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தான். "அவதான் கார்ல சொன்னா. அக்காவுக்கு ஏதோ மனசு சரியில்ல போல, வெளிய சொல்லாதீங்கன்னு. கல்யாணத்தன்னிக்குப் பூச தொடங்குற வரைக்கும் கோயில் வாசல்ல நின்னு பாத்தா. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு."

மகனே, ஆயிரக்கணக்கான சாட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ள மௌனம் சாதித்தவர்கள் உண்டு, பயந்து மௌனமானவர்கள் உண்டு. தனக்கு எதிராகப் பொய் சொன்னவளின் மானத்தைக் காக்க, நீட்டிய கையைத் தன் மருமகன் பார்க்காமல் விட்ட அன்றுகூட வாய் திறக்காத சாட்சியை அன்றுதான் பார்த்தேன். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக ஓய்வுபெற்றவன். பட்டம் வாங்கிய அக்காவை அவன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவளைவிட உயரமாக நின்றுகொண்டிருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை. அதற்கும் மேலாக, கேட்டுக்கு வெளியே ஐந்தே நிமிடம் நின்ற ஒருத்தி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் மேல் என்ன இருந்தது என்பதைக் கண்டுகொண்டாள். மேவ் சொன்ன சொல் அவளுக்குத் தெரியாது. கேள்வி தெரிந்திருந்தது. அவள் உயிரோடு இருந்தபோது நான் அவளை ஏதோ வாயாடி என்று நினைத்திருந்தேன்.

அறிவுரை இல்லாமல் தாயின் கடிதம் முடிந்தால் இதழாசிரியர் வருந்துவார், ஆகவே ஒன்று. நீ வாழும் ஊரில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று கேள்வி. என் இரத்தம் உனக்குள் ஓடுகிறது. ஒரு நாள் அது உன் மேலும் வந்து உட்காரும்; கூப்பிடுகிற குரல் கேட்கும், கால் எழாது. எழமுடியாவிட்டால் எழவேண்டாம். உள்ளே இருக்கிறேன் என்று மட்டும் குரல் கொடு. உன் மனைவியின் மொழியில் அதற்கு வாக்கியம் தயாராக இருக்கிறது. நான் குரல் கொடுத்திருந்தால், அந்த இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியிலிருந்தே பத்திரிகையை நீட்டி, சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நமக்குப் பதினான்கு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

கிளம்பும்போது உன் மாமா கேட்வரைக்கும் வந்தான். மாலைக்கு எந்தப் பூ என்று மேவிடம் சைகையில் கேட்டான். அவள் சைகையிலேயே பதில் சொன்னாள். இருவருக்கும் என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "பையன்கிட்ட இதெல்லாம் சொல்லாதக்கா. கல்யாண நேரத்துல அம்மா மேல இருக்கிற மதிப்பு போயிடும். என்னப் பத்தி அவன் எப்பவும்போல நெனச்சிக்கட்டும்" என்றான்.

அவன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

வரும் வெள்ளிக்கிழமை உன்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர நான் வரப்போவதில்லை. அவன் வருகிறான். காரை அவனே ஓட்டிக்கொண்டு வருவான். உன்னைக் கண்டதும் கையை நீட்டுவான், பட்டும் திருந்தாதவன்.

அம்மா